சேலைக்குள் மறையாத இரண்டு விரல்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பொம்பிளைப் பிள்ளைக்கு இதுக்குமேல் என்னத்துக்கு என்று ஐயா மறித்துப்போட்டார். எழுத்துக் கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன். வருசமும் தேதியும் தலைக்குள் நிற்பதில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைத்தும் பழக்கமில்லை. கதைக்கப் பயந்தவள் எழுதிப் பார்க்கிறாள் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கசெட் கிடந்தது. தொண்ணூறுகளில், இத்தாலியில் பலேர்மோவில், சண்டையில் செத்துப்போன பிள்ளைகளை நினைத்து விளக்கேற்றிய ஒரு நாளில் எடுத்தது. இப்போது கசெட் போடுகிற பெட்டி எங்கேயும் இல்லை என்று கடைசிப் பேத்தி அதைக் கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதில் நான் வருகிறேன். வெள்ளைச் சேலை, குனிந்த தலை, கையில் எரிகிற மெழுகுதிரி. கமெராக்காரப் பெடியன் என் கண்ணீரைத்தான் கிட்ட இழுத்து இழுத்துக் காட்டுகிறான். என் முழங்கையை ஒரு கை பிடித்திருக்கிறது. அந்தக் கைக்குரிய ஆளின் முகம் படத்தில் இல்லை, தோளோடு வெட்டுப்பட்டுப் போய்விட்டது. கையில் மூன்று விரல்தான் தெரியும். மற்ற இரண்டும் என் சேலை மடிப்புக்குள் மறைந்திருக்கின்றன என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மறையவில்லை. அந்த இரண்டு விரலும் இல்லை. அது என் பெறாமகளின் கை.

பெறாமகள் என்றால் என் தங்கச்சியின் மகள். அவளுக்கு நான் பெரியம்மா. என் மகனும் அவளும் ஒரே வருசத்தில்தான் இயக்கத்துக்குப் போனார்கள். மகன் இயக்கத்துக்குப் போன செய்தி பரவிய அன்று எங்கள் முற்றம் நிறைய ஆட்கள். கதிரை காணாமல் பக்கத்து வீட்டிலும் வாங்கிப் போட்டோம். "வீரனைப் பெத்த மனுசன்" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கதைத்தார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். பெற்றவள் நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அழுதால் கோப்பைக்குள் விழும் என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றியது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பெறாமகள் போனபோது தங்கச்சி வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். வந்து கேட்ட கேள்வி வேறு. "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" "ஆரோடையும் ஏதும் தொடுப்பிருந்ததோ?" "சீதனத்துக்கு வழியில்லை எண்டு பிள்ளை போயிட்டுதோ?" தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரின் கையைப் பிடித்துக் கதைக்கவில்லை. பெடியன் போனால் நாட்டுக்காகப் போனான் என்றார்கள். பெட்டை போனால் ஏன் போனாள் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் போனது ஒரே வழியால்தான்.

மகன் பிறகு படமாகத்தான் வீட்டுக்கு வந்தான். அந்தத் துக்கத்தில் அவரும் போய்விட்டார். நான் தனித்துப்போனேன் என்று பலேர்மோவில் இருந்த மகள் என்னை எடுப்பித்தாள். அங்கே சீசா என்கிற பகுதியில் அவர்களுக்கு ஒரு சிறிய வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போக, நான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டுக்குத்தான் பெறாமகளும் வந்து சேர்ந்தாள். காயப்பட்டு, கடிதம் எழுதிக்கொடுத்து, இயக்கத்தை விட்டு விலகி, எந்தெந்த நாட்டாலோ வந்தாள். வாசலில் நின்றவளை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. கழுத்தோடு வெட்டின தலைமயிர். இடக்கையில் சின்னவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. என்னைக் கண்டதும் சிரித்தாள். சிரிப்பு மட்டும் பழையது.

அன்றைக்கே மகள் இரண்டு பொய்யைத் தயார்பண்ணிவிட்டாள். மகளைப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. "அம்மா, நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேசவேணும். இயக்கத்திலை இருந்த பெட்டை எண்டா ஆர் வருவான்?" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். தலைமயிருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து கொட்டினது என்று முடிவாயிற்று. விரலுக்கு மில்லில் சிக்குப்பட்டது என்று முடிவாயிற்று. பெறாமகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, மில்லிலை என்ன திரிக்கப் போனனான்? ஆரும் கேட்டாச் சொல்லவேணுமெல்லே. அரிசி மாவோ, மிளகாய்த்தூளோ?" என்று கேட்டாள்.

"விசர்க் கதை கதையாதை. மிளகாய்த்தூள் எண்டு சொல்லு."

"அப்ப சரியா எரிஞ்சிருக்கும் என்ன, பெரியம்மா?"

நான் சிரித்துப்போட்டேன். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

பலேர்மோவில் எங்கள் ஆட்களுக்குள் இன்னொருவரும் இயக்கத்தை விட்டு வந்தவர் இருந்தார். அவருக்குக் காலில் காயம், இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவர் மண்டபத்துக்குள் வந்தால் ஆட்கள் எழும்பி முன்வரிசைக் கதிரையை விடுவார்கள். "முன்னாள் போராளி" என்று ஒலிவாங்கியில் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவருடைய காலுக்கு ஒருவரும் மில் தேடவில்லை.

மருமகன் விளக்கேற்றுகிற நாளை நடத்துகிற குழுவில் ஒருவர். நல்ல மனுசன், குடியில்லை, வீட்டைப் பார்க்கிறவர். சண்டை முற்றுவதற்கு முன்னமே வெளிநாட்டுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் குழு ஆட்கள் எங்கள் மேசையைச் சுற்றி இருந்து சண்டை கதைப்பார்கள். ஆமி முகாமுக்கு அந்தப் பக்கத்தால் இறங்கியிருக்க வேணும், இந்தப் பக்கத்தால் மறித்திருக்க வேணும் என்று மேசையில் சீனிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் நகர்த்தி வைத்துக் காட்டுவார்கள். பெறாமகள் தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நிற்பாள். அவர்கள் சொல்லுகிற இடங்களில் அவள் நின்றிருக்கிறாள். ஒருநாள் மருமகன் திரும்பிப் பார்க்காமலே, "பிள்ளை, சீனி காணாது" என்றார். அவள் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்ற சீனிப் போத்தலைத் தூக்கிக் கொடுத்தாள். குசினிக்குள் வந்து என் காதுக்குள், "பெரியம்மா, அத்தான் அந்த முகாமை இண்டைக்கும் பிடிச்சுப்போட்டார்" என்றாள்.

"போன கிழமையும் பிடிச்சவர் மோனை. நீ இந்த வெங்காயத்தை வெட்டு."

அவள் ஒரு இத்தாலிய வீட்டுக்காரி, சின்யோரா என்போம், அவவின் வீட்டில் வேலைக்குப் போனாள். அந்தச் சின்யோராவின் தகப்பனைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுகிற வேலை. கிழவன் தன் இளவயதில் எங்கேயோ ஆபிரிக்காவில் சண்டை பிடித்தவனாம். சுவரில் கண்ணாடிக்குள் பதக்கம் வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் கிழவன் சண்டைக் கதை சொல்ல, வீடு முழுக்க இருந்து கேட்குமாம். ஒருநாள் குளிப்பாட்டும்போது அவனுடைய கண்ணில் இவளின் கை பட்டிருக்கிறது. இவள் என்ன நினைத்தாளோ, தெரிந்த இத்தாலியனில், நானும் சண்டையில் நின்றவள் என்று சொல்லியிருக்கிறாள். மகள் போட்ட பொய்யை வெளியில் மறந்தது அந்த ஒருதரம்தான். கிழவன் அவளின் கன்னத்தைத் தட்டி, நேர்ஸாக இருந்தனியோ என்று கேட்டிருக்கிறான்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன் பெரியம்மா. அந்தாளுக்கு விளங்கப்படுத்த எனக்கு இத்தாலியனும் காணாது, மனமும் இல்லை."

அங்கே எப்படி மோனை இருந்தாய் என்று நான் ஒருக்கா கேட்டேன். வேறு ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. "அங்கையும் மேலை நிண்டு சொல்லுறது ஆம்பிளையள்தான் பெரியம்மா. ஆனா பெட்டை எண்டு எங்கடை குழியை ஒருத்தரும் சின்னனா வெட்டேல்லை" என்றாள். அது பெருமையா கவலையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். விளக்கேற்றுவதற்கு முதல் கிழமை மருமகன் செத்த பிள்ளைகளின் படங்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சட்டம் போட்ட படங்களின் கண்ணாடியைத் துடைப்பதும், கீழே விரிக்கிற துணிக்குக் கரை தைப்பதும் பொம்பிளைகளின் வேலை. நானும் பெறாமகளும் நிலத்தில் இருந்து துடைத்தோம். முதலில் என் மகனின் படத்தைத் துடைத்து என் மடியில் வைத்தாள். அடுத்து ஒரு பெட்டையின் படத்தை எடுத்தவள் அப்படியே கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அது அவளோடு ஒரே பதுங்குகுழியில் நின்ற கூட்டாளி. ஷெல் விழுந்தபோது கூட்டாளி இவளுக்கு இடப்பக்கம். "அவளிலை பட்டு மிஞ்சினதுதான் பெரியம்மா என்ர கையிலை பட்டது" என்றாள். கூட்டாளியின் தாய் வன்னியில். பலேர்மோவில் அந்தப் படத்துக்கு ஒரு சொந்தமும் இல்லை.

எங்கள் முறை என்னவென்றால், படத்துக்கு முன்னால் உள்ள விளக்கைச் செத்த பிள்ளையின் தாய் தகப்பன் அல்லது கூடப்பிறந்தவர்கள் ஏற்றுவார்கள். சொந்தம் இல்லாத படத்துக்குக் குழுவில் ஒராள் ஏற்றுவார். அன்று பின்னேரம் மருமகன் வேலையால் வந்து உடுப்பு மாற்றவும் விடாமல் அவள் கேட்டாள். அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"அத்தான், இவளுக்கு நான் ஏத்தட்டோ?"

மருமகன் குழுவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். "பிள்ளை, குறை நினையாதை. நீ மேடையிலை ஏறினா ஆர் இந்தப் பெட்டை, என்ன தொடர்பு எண்டு கேப்பினம். இயக்கத்தை விட்டிட்டு வந்தவள் எண்டு ஒருத்தன் சொல்லுவான். பேந்து கலியாணம் பேசேக்கை இடைஞ்சல். எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்."

"காலேலாத அண்ணையும் விட்டிட்டு வந்தவர்தானே அத்தான்?"

"அது வேறை."

"என்ன வேறை?"

மருமகன் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று மட்டும் சொன்னார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பச் சூடாக்கினாள். நான் மூலையில் இருந்து யோசித்தேன். போகாதவர்களுக்கு விட்டுவர ஒன்றும் இல்லை. அதனால் அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த முறை முதல் விளக்கை ஏற்றச் சொல்லி என்னைத்தான் கேட்டிருந்தார்கள், மகனைக் கொடுத்த தாய் என்று. இதை எழுதும்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அதற்கு முதல் வருசம் மூத்த பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் குத்துவிளக்குக்குக் கிட்ட என்னை விடவில்லை. நான் தாலி இழந்தவள், என் முகத்தில் முழித்தால் ஆகாது, முழிவியளம் சரியில்லை. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளே வந்து, "அம்மா, நீங்கள் உள்ளுக்கை இருந்து பலகாரத்தைப் பாருங்கோ" என்றாள். நானும் இருந்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஏற்றக்கூடாத கை, செத்த பிள்ளைகளுக்கு என்றால் முதலில் ஏற்றவேணும். தாய்க்கு இந்தச் சண்டையில் கொடுத்த வேலை அது. அழுகிற வேலை. அதையும் மேடையில் ஏறி அழவேணும்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. மருமகனிடம் நான் அதுவரை ஒன்றுக்கும் நிபந்தனை போட்டதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிராது. ஒராள் பிடிச்சுக்கொண்டு வராட்டி நான் மேடைக்கு ஏறமாட்டன்."

"மகள் பிடிக்கட்டும் மாமி."

"அவள் சின்னனோடை நிப்பாள். பெறாமகள் வரட்டும்."

செத்த பிள்ளையின் தாயை மறுக்கமுடியாத நாள் வருசத்தில் அது ஒன்றுதான். அவர் ஓம் என்றார்.

மண்டபம் பிரான்காச்சோப் பக்கம், பழைய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பொம்பிளைகள் நாங்கள் விடியவே பஸ்ஸில் மாவும் சட்டியும் கொண்டுபோய்ப் பின்னுக்கு ஒரு அறையில் அடுப்பு மூட்டினோம். ஆம்பிளைகள் முன்னுக்குக் கொடி கட்டி, ஒலிவாங்கிக்காகச் சண்டை பிடித்தார்கள். பெறாமகள் தன் சேலையை மூன்றுதரம் அவிழ்த்து உடுத்தாள். ஏற்றிப்போட்டு என்ன சொல்லவேணும் பெரியம்மா என்று கேட்டாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை மோனை, பேரைச் சொல்லு என்றேன். வடைக்கு மா குழைத்தபடியே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பேரைத்தான் சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

மணி அடித்தது. சனம் எழும்பி நின்றது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள், நாங்கள் ஏறினோம். பெரிய விளக்கை ஏற்றினேன். மகனுடைய விளக்கை ஏற்றினேன். அப்போதுதான் கமெராக்காரன் கிட்ட வந்தது. அவன் படம் பிடித்து முடித்து மற்றத் தாய்மாரிடம் திரும்பியதும் நான் இறங்கவில்லை. கடைசியில் இருந்த கூட்டாளியின் படத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய், எரிகிற மெழுகுதிரியை அவளின் கையில் வைத்தேன்.

அவள் குனிந்தாள். திரி பற்றவில்லை. அதற்குள் விழாக் குழுவின் தலைவர் வந்துவிட்டார். அவசரம் காட்டாமல், முகத்தில் சிரிப்போடு, பிள்ளையின் கையில் இருந்து மிட்டாய் வாங்குகிற மாதிரி மெழுகுதிரியை வாங்கினார். "அம்மா களைச்சுப்போனா, கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கோ பிள்ளை" என்றார். பிறகு ஒலிவாங்கியில், "தாயின் தளர்ந்த கரம் தாங்கும் எங்கள் குலமகள்!" என்றார். சனம் உச்சுக்கொட்டியது. மெழுகுதிரி காலேலாத அண்ணையிடம் போயிற்று. அவர் ஒருக்கா பெறாமகளின் கையைப் பார்த்தார். மில் வெட்டு எது, ஷெல் வெட்டு எது என்று அவருக்குத் தெரியாதா. தலையைக் குனிந்துகொண்டு ஏற்றினார். கூட்டாளியின் பேரை ஒருவரும் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. மூன்று விரலாலும் என் முழங்கையை இறுக்கினாள். நகம் பதிந்த அடையாளம் கனநாள் இருந்தது. என்னை இருத்திவிட்டு நேரே பின்னறைக்குப் போனாள், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததே. நானும் இருக்கப் பிடிக்காமல் பின்னால் போனேன். மேடையில் ஒரு சின்னப் பெட்டை கைகளை வீசி வீசிப் பேசினாள். பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டார்கள், ஆயுதம் ஏந்தினார்கள், இனி அவர்களை அடக்க ஆளில்லை என்று பேச்சு. எழுதிக்கொடுத்தது என் மருமகன். சனம் இருந்து கேட்டது.

"பெரியம்மா, நாங்கள் வெளியாலை வந்திட்டமாம். வடையைப் பிரட்டுங்கோ, கருகுது" என்றாள் பெறாமகள்.

பேச்சு முடிந்ததும் தலைவர் பின்னறைக் கதவடியில் தலையை நீட்டினார். "பிள்ளையள், தேத்தண்ணி வரட்டும்!"

கசெட்டை நாலைந்து நாட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் இருந்து கலியாணம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் கேட்டாளாம், அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை யார், நல்ல அடக்கமான பிள்ளை போல இருக்கிறதே என்று. முகமே தெரியாத படம். கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். விரலுக்கு மில் இருந்தது. ஊரில் இருந்து தங்கச்சி, ஓம் என்று சொல்லச் சொல்லித் தொலைபேசியில் அழுதாள். மாட்டேன் என்று சொல்லு மோனை, நான் உன் பக்கம் நிற்கிறேன் என்றேன். "எனக்குக் களைச்சுப்போச்சு பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஜெனோவாக் கப்பலுக்குத் துறைமுகத்தில் கொண்டுபோய் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து மாப்பிள்ளை பகுதி காரில் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தலைமயிர் அதற்குள் இடுப்புவரை வளர்ந்திருந்தது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நெருப்புக் காய்ச்சல் முழுக்க மாறிட்டுது பெரியம்மா" என்றாள். இந்தமுறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தொலைபேசி எடுத்தால் சிலவேளை பின்னால் ஆம்பிளைகளின் சத்தம் கேட்கும். "இவர் ஆக்களோடை இருந்து முகாம் பிடிக்கிறார் பெரியம்மா, தேத்தண்ணி ஊத்தவேணும், வைக்கிறன்" என்பாள். கிட்டடியில் கதைத்தபோது தன் மகள் விரலைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னாள்.

"என்ன சொன்னனி?"

"மில் எண்டுதான். பாவம், கையை எடுத்துக் கொஞ்சிப்போட்டு, மிளகாய்த்தூள் எரிஞ்சதோ அம்மா எண்டு கேட்டாள்."

"அவளுக்கெண்டாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே மோனை."

"சொல்லியிருப்பன் பெரியம்மா. இவர் பக்கத்திலை இருந்தவர்."

நான் இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். எழுதுங்கோ, பேர் போடாதேங்கோ என்றாள். போடவில்லை.

பேத்தி கொம்பியூட்டரில் அந்த இடத்தில் படத்தை நிற்பாட்டிவிட்டு, அம்மம்மா இது யாற்ரை கை என்று கேட்டாள். அதற்கு மறுமொழிதான் இவ்வளவும். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். கூட்டாளியின் படம் கடைசியாகத்தான் இருந்ததா, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்ததா. அன்று மழையா இல்லையா. தலைவர் சொன்னது குலமகள் என்றா, வேறு ஏதுமா. பிழை இருந்தால் திருத்துங்கள், நான் குறை நினைக்கமாட்டேன். என் முழங்கையில் இருக்கிற கையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் பிழை இல்லை. அது மில்லில் போன கை இல்லை.